கூத்துப் பதிவில் ‘டப்’ சத்தம்: காரணம் கண்டுபிடிப்பதும் திருத்துவதும்

திண்டிவனம், செஞ்சி, மயிலம், மேல்மலையனூர் வட்டாரத்தில் பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை ஏதாவது ஓர் ஊரின் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைடல் எழுதிய பெரிய நூலின் முதல் பகுதி 1988-இல் வந்தது. தெருக்கூத்துக்கென்றே ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆய்வாளர்கள் பதிந்துவைத்த ஒலிநாடாக்கள் காப்பகங்களில் பத்திரமாக இருக்கலாம். ஆனால் டேப் ரெக்கார்டரை மேடைக்கு முன்னால் வைத்து, விடிய விடியக் கேசட்டைத் திருப்பிப்போட்டு ஊர்க்காரர்களே பதிந்தவை இன்றும் பீரோவின் அடித்தட்டிலும் மைக் செட் கடைகளின் அட்டைப் பெட்டிகளிலும்தான் கிடக்கின்றன.

அவற்றைக் கணினியில் ஏற்றும் வழியை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். ஏற்றி முடித்துக் கேட்டால் பலருக்கும் முதலில் உறைப்பது பாட்டுக்கு நடுவே வரும் ‘டிக்’, ‘டப்’, ‘படபட’ சத்தங்கள்தாம். உடனே ஏதாவது ஒரு மென்பொருளைத் திறந்து, முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, சத்தம் நீக்கும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மற்ற இசைக்கு அது ஓரளவு பலிக்கலாம். கூத்துக்குப் பலிக்காது. மத்தளத்தின் வலந்தலை அடி, தாளத்தின் மோதல், சலங்கையின் சிலுசிலுப்பு எல்லாமே திடீரென்று எழுந்து அடங்குபவை. மென்பொருளுக்கு அடியும் கோளாறும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது கூத்து, எது கோளாறு என்று பிரித்துச் சொல்லும் வேலையை உங்கள் காதிடமே வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வேலைக்குத்தான்.

எதையும் தொடுமுன் ஒன்று செய்யுங்கள். முதலில் பதிந்த கோப்புக்கு ‘மூலம்’ என்று பெயரிட்டு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, மற்றொன்றில் வேலை செய்யுங்கள். ஒலி, காட்சிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா தன் வழிகாட்டு ஆவணத்தில் இதை அழுத்திச் சொல்கிறது. காப்பகப் பிரதியில் எந்தத் திருத்தமும் கூடாது, திருத்தம் எல்லாம் கேட்பதற்கான பிரதியில்தான்.

சத்தம் எங்கே பிறந்தது?

சத்தம் வந்த இடத்தைப் பத்து செகண்டு பின்னால் தள்ளி மறுபடி ஓட்டுங்கள். அதே சொல்லில், அதே எழுத்தில் மறுபடி ‘டப்’ வந்தால் கோளாறு கோப்புக்குள் இருக்கிறது. இடம் மாறி வந்தாலோ, இந்த முறை வராமலே போனாலோ கோப்பில் குறை இல்லை. உங்கள் கணினியோ, ஸ்பீக்கர் ஒயரோ, ப்ளூடூத்தோ திணறுகிறது. இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் நல்ல கோப்பைக் கெடுத்தவர்கள் பலர்.

கோப்பில்தான் இருக்கிறது என்றால் அடுத்து மூலப் பொருளுக்குப் போங்கள். கேசட்டை அதே இடத்தில் நேராக டெக்கில் ஓட்டி ஹெட்போனில் கேளுங்கள். அங்கேயும் கேட்டால் அது கூத்து நடந்த இரவிலேயே, அல்லது கேசட் பழசாகும்போது வந்த சத்தம். அங்கே இல்லாமல் கோப்பில் மட்டும் இருந்தால் கணினியில் ஏற்றும்போது நேர்ந்த விபத்து. அப்படியானால் திருத்துவதில் நேரம் போக்காதீர்கள். காரணத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பத்து நிமிடத் திருத்தத்தைவிட அறுபது நிமிட மறுபதிவு மேலானது, ஏனென்றால் திருத்திய இடத்தில் இருப்பது ஊகம், மறுபடி பதிந்த இடத்தில் இருப்பது உண்மையான ஒலி.

சத்தம் வரும் முறையும் ஒரு தடயம். ஒரே இடைவெளியில், எண்ணினால் தாளம் போடலாம் என்கிற அளவு ஒழுங்காக வந்தால் இரண்டு டிஜிட்டல் கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். செகண்டுக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் இரண்டு கருவிகளில் ஒன்றின் கடிகாரம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டும் பிசகினாலும், சுமார் இரண்டு செகண்டுக்கு ஒரு சாம்பிள் கூடியோ குறைந்தோ போகும். டிஜிட்டல் மிக்சரிலிருந்து டிஜிட்டல் ஒயர் வழியே பதியும்போது இது நேரும். ஒரு கருவியின் கடிகாரத்தை மற்றது பின்பற்றும்படி அமைத்தால் தீர்ந்துவிடும். இசைத்தட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டிக்’ வந்தால் தட்டில் கீறல். ஒழுங்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் தூசியோ, மின்சாரமோ, கணினியின் திணறலோ காரணமாக இருக்கலாம்.

கூத்தின் சத்தமா, கோளாறா?

காதுக்குச் சந்தேகமாக இருக்கும்போது கண் உதவும். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மசோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் உருவாக்கி 2000-இல் வெளியிட்ட ஆடாசிட்டி, இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது போதும். கோப்பைத் திறந்து, டிராக்கின் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். கிடையாக நேரம் ஓடும். கீழே கனத்த ஒலிகளும் மேலே கீச்சொலிகளும் இருக்கும். எங்கே வலு அதிகமோ அங்கே நிறம் பளிச்சென்று தெரியும்.

சந்தேகமான இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோளாறான ‘டிக்’ கீழிருந்து மேல்வரை ஒரே செங்குத்துக் கோடாக நிற்கும். அதற்குப் பின்னால் எதுவும் இருக்காது. மத்தள அடியிலும் தொடக்கத்தில் அப்படி ஒரு கோடு இருக்கும், ஆனால் கீழ்ப்பகுதியில் அதன் நாதம் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். தாளம் மோதிய இடத்தில் செங்குத்துக் கோட்டைத் தொட்டு மெல்லிய கிடைக்கோடுகள் நீளமாக ஓடும். அவைதான் வெண்கலத்தின் ரீங்காரம். சலங்கை மேற்பகுதியில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். வால் இருந்தால் கருவி, வால் இல்லாவிட்டால் கோளாறு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். முகவீணை ஒலிக்கும் இடத்தில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் ‘டிக்’ அவற்றுக்குள் மறைந்துகொள்ளும். அங்கே இன்னும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைச் சத்தமும் இந்த வட்டாரப் பதிவுகளில் வரும். அம்மன் புறப்பாட்டுக்கு விடும் அதிர்வேட்டு, அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கொளுத்தும் சரவெடி. கேட்க ‘டப்’ என்றுதான் இருக்கும். ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் வெளியில் எதிரொலித்து மங்கும் நீண்ட வால் இருக்கும். அதைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். குழந்தை அழுவதும், கட்டியக்காரன் பேச்சுக்குக் கூட்டம் சிரிப்பதும், எவரோ விசிலடிப்பதும் அப்படித்தான். இவற்றையெல்லாம் துடைத்துவிட்டால் எந்த ஊரில், யார் முன்னால் ஆடியது என்பதற்கான சாட்சியே போய்விடும்.

அலைவடிவக் காட்சிக்குத் திரும்பி, தனித்தனிச் சாம்பிள் புள்ளிகள் தெரியும்வரை பெரிதாக்கினால் கோளாறின் வகையும் தெரியும். ஒல்லியான ஒற்றை முள் நின்றால் தூசி, கீறல், மின்பொறி. அலை ஓரிடத்தில் படிக்கட்டுபோல் திடீரென்று மேலே தாவினால் இடையில் சில சாம்பிள்கள் விடுபட்டிருக்கின்றன, அல்லது இரண்டு துண்டுகளைச் சரியாக ஒட்டவில்லை. அலையின் உச்சி கத்தரித்ததுபோல் தட்டையாக இருந்தால் ஒலி அளவு எல்லை மீறிவிட்டது. கொஞ்ச நேரம் அலையே இல்லாமல் நேர்கோடு ஓடினால் அங்கே ஒலி தொலைந்தே போய்விட்டது.

பழைய கேசட்டும் ரெக்கார்டும்

கேசட்டை ஓட்டும் முன் அதன் வாயைப் பாருங்கள். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சு பல கேசட்டுகளில் உதிர்ந்துபோயிருக்கும். அதில்லாமல் ஓட்டினால் ஒலி விட்டு விட்டு வரும். வேறொரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்துங்கள், அல்லது நாடாவையே நல்ல கூட்டுக்கு மாற்றுங்கள். டெக்கின் தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த காதுக்குச்சியால் ஒவ்வொரு கேசட்டுக்கு முன்பும் துடையுங்கள். மரக்காணம் பக்கத்துக் கடலோர ஊர்களில் வைத்திருந்த கேசட்டுகளில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஏறிப் பூஞ்சை படர்ந்திருக்கலாம். வெள்ளைப் பொடி கண்ணில் பட்டால் ஓட்டாதீர்கள். அது தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

பதிவுப் பொத்தானை அழுத்தியபோதும் நிறுத்தியபோதும் விழுந்த ‘டொப்’ ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வாலிலும் இருக்கும். கேட்பதற்கான பிரதியில் அதை வெட்டிவிடலாம். மூலத்தில் விட்டுவிடுங்கள், ஏனென்றால் கேசட் எங்கே நின்றது, எங்கே மறுபடி தொடங்கியது என்று நாளைக்கு ஒருவர் அறிய அது ஒன்றுதான் குறி.

மைக் செட்காரர்களிடம் கேசட்டோடு ரெக்கார்டுகளும் இருக்கும். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளும் குழாய் ஸ்பீக்கரில் ஒலிக்காத திருவிழா அந்தக் காலத்தில் ஏது? ரெக்கார்டின் ‘டிக்’கில் பெரும்பங்கு தூசிதான். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள செம்மண் பொடி நுணுக்கமானது, பள்ளத்தில் இறங்கிவிட்டால் துணியால் துடைத்து எடுக்க முடியாது. வினைல் தட்டுகளை வடிநீரால் கழுவலாம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும், தட்டு அத்தோடு போயிற்று. ஊசியும் வேறு வேண்டும். எல்.பி. தட்டின் ஊசிமுனை சுமார் 25 மைக்ரான், 78 தட்டுக்கு வேண்டியது சுமார் 75. எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்கே கிடக்கும் குப்பையையெல்லாம் வாசிக்கும்.

78 தட்டுகள் எல்லாம் ஒற்றை வழிப் பதிவுகள். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டி இடது, வலது இரண்டையும் பதிந்துவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். பாட்டு இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதால் வலுவாகும். ஊசி மேலும் கீழும் குதித்ததால் வந்த கரகரப்பு எதிரெதிராக இருப்பதால் பெருமளவு அடங்கும். எந்த மென்பொருளும் இல்லாமல் கிடைக்கும் பெரிய லாபம் இது.

கணினியில் ஏற்றும்போது

கேசட்டில் இல்லாத ‘டப்’ கோப்பில் வருவதற்குப் பெரும்பாலும் கணினியின் அவசரம்தான் காரணம். வந்து சேரும் ஒலியைக் கணினி ஒரு தற்காலிக இடத்தில் சேர்த்து வைத்து, பிறகு வட்டில் எழுதுகிறது. அந்த இடம் நிரம்பி வழிவதற்குள் எழுதாவிட்டால் சில சாம்பிள்கள் தொலைந்துபோகும். 1024 சாம்பிள் பஃபர் என்றால் 48,000 வேகத்தில் அது சுமார் 21 மில்லிசெகண்டு நேரம்தான். அந்த நேரத்துக்குள் வைரஸ் தடுப்பு மென்பொருள் குறுக்கே வந்தாலோ, வைஃபை எதையாவது தேடினாலோ சத்தம் விழும். பதியும் நேரத்தில் இணையத்தை அணைத்துவிடுங்கள், மற்ற செயலிகளை மூடுங்கள், ஆடாசிட்டியின் அமைப்புகளில் பஃபர் நீளத்தை 100 மில்லிசெகண்டிலிருந்து 200-க்கு உயர்த்துங்கள். பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்பவருக்குத்தான் நீண்ட பஃபர் தொந்தரவு, கேசட் ஏற்றுபவருக்கு அதனால் நட்டமில்லை. பதிவில் ஒலி விடுபட்டால் அந்த இடத்தில் லேபிள் போட்டுக் காட்டும் வசதியும் ஆடாசிட்டியில் உண்டு. அப்படி ஒரு லேபிள் விழுந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி பதியுங்கள்.

அடுத்து மின்சாரம். பக்கத்துக் கழனியில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் விழும்போதும், வீட்டில் ஃபிரிஜ் ஓடத் தொடங்கும்போதும், டியூப்லைட் எரியும்போதும் மின்கம்பி வழியே ஓர் அதிர்வு ஓடுகிறது. அது ஆம்ப்ளிஃபையரில் ‘டக்’ என்று விழும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்திலும் அப்படித்தான். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பதிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உழவு வேலை நடக்கும் ஊர்களில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கைபேசியை ஒயர்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 2ஜி இணைப்பில் அழைப்பு வரும்போது செகண்டுக்கு 217 தடவை விட்டு விட்டு அலைபரப்பும், அதுவே ‘டட்-டட்-டட்’ என்று பதிவில் ஏறிவிடும்.

24 பிட், 96,000 சாம்பிள் என்று வைத்துப் பதியுங்கள். 60 நிமிடக் கேசட் ஸ்டீரியோவில் சுமார் 2 ஜிபி ஆகும். இன்றைய வட்டுகளுக்கு அது பெரிய சுமை இல்லை. சாம்பிள் நெருக்கமாக இருந்தால் ‘டிக்’கின் விளிம்பு துல்லியமாகத் தெரியும், திருத்தும்போது பக்கத்து ஒலியைத் தொடாமல் அதை மட்டும் எடுக்கலாம்.

கூத்துக் களத்தில் புதிதாகப் பதியும்போது

பழையதைத் திருத்துபவர்களில் பலர் புதிதாகவும் பதிகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டியக்காரன் பேசும்போது அளவைப் பார்த்துவிட்டுப் பொத்தானைத் திருப்பாதீர்கள். திரைக்குப் பின்னாலிருந்து பெரிய வேஷம் வெளிவரும்போது மத்தளமும் தாளமும் பாட்டும் ஒன்றாக எழும், அங்கே பாருங்கள். அந்த உச்சம் -12 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் மெல்லிய இடங்களைப் பின்னால் தாராளமாக உயர்த்திக்கொள்ளலாம், எல்லை மீறித் தட்டையான உச்சியைப் பழையபடி ஆக்க முடியாது.

மைக் செட் மிக்சரிலிருந்து ஒயர் எடுத்தால் ரெக்கார்டரின் லைன் இன் துளையில் செருகுங்கள். மைக் துளை சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. மிக்சரின் வெளியீடு ஒரு வோல்ட் அளவுக்கு வரும். அதை மைக் துளையில் கொடுத்தால் இரவு முழுவதும் உடைந்த ஒலிதான் பதியும். ஜெனரேட்டருக்கு மாற்றும் முன் சொல்லும்படி மைக் செட்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லூஸ் கான்டாக்ட் ஒயரை முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரத்துக்கு ஆங்கிலத்தைப்போல மூச்சு வெடிப்பதில்லை என்பதால், மேலைநாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகப் பேசும் வாய்க்காற்றுச் சிக்கல் நமக்குக் குறைவு. ஆனால் திறந்த வெளியில் அடிக்கும் காற்று உண்டு, அதற்குப் பஞ்சு உறை அவசியம்.

இரவு முழுவதும் பதிபவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் ஓரிடம் இருக்கிறது. 24 பிட், 48,000 வேகத்தில் ஸ்டீரியோப் பதிவு மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறுக்கு முடியும் கூத்து எட்டு ஜிபியைத் தாண்டும். வேவ் கோப்பு வழக்கமாக 4 ஜிபிக்குமேல் வளர முடியாது. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே கோப்பை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும். அந்த வெட்டு கர்ணமோட்சத்தின் உருக்கமான விருத்தத்தின் நடுவில் விழலாம். துண்டுகளுக்கிடையே ஒரு சாம்பிள்கூட விடாமல் எழுதும் ரெக்கார்டராக இருந்தால், அவற்றை வேவ் வடிவிலேயே வாலோடு தலை வைத்து ஒட்டினால் இணைப்பே தெரியாது. அதைச் செய்யாமல் ஒவ்வொரு துண்டையும் முதலில் எம்பி3 ஆக்கிவிட்டுப் பிறகு ஒட்டுகிறார்கள். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் வெற்று ஒலி சேர்ந்துவிடும். ஒட்டிய இடத்தில் ஒரு விக்கலும் ‘டப்’பும் நிச்சயம். முதலில் ஒட்டுங்கள், பிறகு எம்பி3.

திருத்தும் வேலை

இப்போது பொறுமை வேண்டிய இடம். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். களைத்த காது மத்தளத்தையும் கோளாறு என்று சொல்லும்.

முதல் சுற்றில் எதையும் திருத்தாதீர்கள். முழுவதையும் கேட்டு, சந்தேகமான ஒவ்வோர் இடத்திலும் லேபிள் மட்டும் போடுங்கள். இரண்டாம் சுற்றில் லேபிள் லேபிளாகப் போய் ஸ்பெக்ட்ரோகிராமில் வால் இருக்கிறதா என்று பாருங்கள். கோளாறு என்று உறுதியான இடங்களை மட்டும் மூன்றாம் சுற்றில் தொடுங்கள்.

ஒல்லியான முள்ளுக்கு ஆடாசிட்டியின் ரிப்பேர் கருவி போதும். ஒரே நேரத்தில் 128 சாம்பிள் வரைதான் அது ஏற்கும். 44,100 வேகத்தில் அது சுமார் 2.9 மில்லிசெகண்டு, 96,000 வேகத்தில் 1.3 மில்லிசெகண்டு. முள்ளை மட்டும் நெருக்கமாகத் தேர்ந்தெடுத்து ரிப்பேர் கொடுத்தால், இரு பக்கத்து அலையையும் பார்த்து நடுவை அது வரைந்துவிடும். ஒரு பாட்டில் இப்படி நூறு இடம் இருந்தாலும் ஒவ்வொன்றாகச் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். நேரம் ஆகும். ஆனால் கைபட்ட இடம் கேட்பவருக்குத் தெரியாது.

கரகரப்பு அடர்த்தியாக உள்ள ரெக்கார்டுக்கு மட்டும் க்ளிக் ரிமூவல் கருவியைப் பயன்படுத்தலாம். அதில் இரண்டு எண்கள் உண்டு. வாசல் அளவு 200 என்றும் முள்ளின் அகலம் 20 என்றும் முன்பே வைத்திருப்பார்கள். வாசலைக் குறைக்கக் குறைக்க அது அதிகமாகப் பிடிக்கும், தாளத்தையும் பிடிக்கும். அதே எண்களில் ஒரு சிறு பகுதியைச் செய்து பாருங்கள். அடுத்து, மூலத்தையும் திருத்தியதையும் இரண்டு டிராக்காக வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மென்பொருள் எடுத்துப்போட்டது மட்டும் கேட்கும். அதில் வெறும் ‘டிக் டிக்’ மட்டும் கேட்டால் நல்லது. மத்தளத்தின் நடையோ தாளத்தின் மோதலோ லேசாகக் கேட்டாலும் உடனே பின்வாங்குங்கள். இந்தச் சோதனையை எல்லாத் திருத்தத்துக்கும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சத்தம் நீக்கும் விளம்பரங்களை எடைபோடவும் இதைவிட நேர்மையான தராசு கிடையாது.

படிக்கட்டுபோல் தாவிய இடங்கள் பெரும்பாலும் வெட்டி ஒட்டியபோது உண்டானவை. வெட்டுமுன் இசட் விசையை அழுத்துங்கள், அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்குத் தேர்வு நகர்ந்துவிடும். அங்கே வெட்டி ஒட்டினால் தாவல் இருக்காது. அப்படியும் கேட்டால் இரண்டு துண்டுகளையும் ஐந்து முதல் பத்து மில்லிசெகண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஒன்று மங்க மற்றொன்று எழும்படி விடுங்கள். அலை முழுவதும் நடுக்கோட்டுக்கு மேலேயோ கீழேயோ தள்ளி நின்றாலும் ஒவ்வொரு வெட்டிலும் ‘டப்’ வரும். நார்மலைஸ் கருவியில் டிசி ஆஃப்செட் நீக்கும் கட்டத்தை டிக் செய்து முதலிலேயே நேராக்கிவிடுங்கள்.

தட்டையான உச்சிக்குக் க்ளிப் ஃபிக்ஸ் என்று ஒரு கருவி உண்டு. அது போன உச்சியை ஊகித்து வளைத்து வரையும். அதற்குமுன் கோப்பின் அளவைச் சில டெசிபெல் குறைத்து இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் புதிய உச்சியும் முட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு அடிகள் உடைந்திருந்தால் இது நன்றாகவே உதவும். இரவு முழுவதும் உடைந்த பதிவை இது காப்பாற்றாது. அப்படிப்பட்ட பதிவைத் திருத்த முயல்வதைவிட அப்படியே பாதுகாப்பது நல்லது. உடைந்த ஒலியிலும் பாட்டின் சொற்கள் இருக்கும், வாத்தியார் எந்த இடத்தில் எந்த ராகத்துக்கு மாறினார் என்பது இருக்கும்.

ஒலி தொலைந்த நேர்கோட்டுக்கு மருந்து இல்லை. பக்கத்திலிருந்து ஒரு துண்டை நகலெடுத்து அங்கே ஒட்டுகிறவர்கள் உண்டு. கூத்துப் பதிவில் அதைச் செய்யாதீர்கள். பாடாத அடியைப் பாடியதாகக் காட்டும் வேலை அது. இரு முனையையும் மெல்ல மங்கவைத்து மௌனமாக விட்டுவிட்டு, குறிப்பில் எழுதிவையுங்கள்.

எம்பி3 ஆக்குவதும் அனுப்புவதும்

திருத்தி முடித்தபின் உச்சம் -1 டெசிபெலுக்குள் இருக்கட்டும். எம்பி3 ஆக்கும்போது அலை லேசாகப் பொங்கும், இடம் விடாவிட்டால் நீங்கள் எடுத்துப்போட்ட ‘டப்’ புதிதாக வந்து சேரும். திருத்திய பிரதியை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஒரு முறை எம்பி3 எடுங்கள். எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் ஒலி தேயும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுத்த கடைகள் வழியே பரவிய பல கூத்துக் கோப்புகள் இப்படி நான்கைந்து முறை தேய்ந்தவைதான்.

எம்பி3 கோப்பு 1152 சாம்பிள் கொண்ட சிறு சிறு கட்டங்களாக எழுதப்படுகிறது. ஒரு கட்டம் சுமார் 26 மில்லிசெகண்டு. பழுதான மெமரி கார்டிலிருந்து எடுத்த கோப்பில் ஒரு கட்டம் கெட்டாலே ‘கிறீச்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். அதைத் திருத்துவதைவிட அதே கோப்பு வேறு யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது பலன் தரும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போய்ச் சேரும். ஸ்பீக்கரில் ஓட்டி வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினால் இவ்வளவு உழைப்பும் வீண்.

ஒவ்வொரு கோப்போடும் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டுத் திருவிழா, என்ன கூத்து, எந்த ஜமா, யார் எந்த வேஷம், மத்தளம் யார், முகவீணை யார். அடியில் எந்த நிமிடத்தில் என்ன திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். மூலத்தை இரண்டு தனி வட்டுகளில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். அரிய பதிவு என்று தோன்றினால் காப்பகத்தை அணுகலாம். அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனம் 1982-இல் தொடங்கிய இசையியல் காப்பகம் குருகிராமில் இருக்கிறது, இத்தகைய களப்பதிவுகளைப் பாதுகாப்பதே அதன் வேலை. அவர்களிடம் கொடுப்பது திருத்தாத மூலமாக இருக்க வேண்டும்.

கணினியில் ஏற்றியாயிற்று என்று கேசட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல டெக்கும் இதைவிடக் கூர்ந்த காதும் கிடைக்கலாம். அந்தப் பதிவில் பாடியவரின் வீடு பெரும்பாலும் பக்கத்து ஊரில்தான் இருக்கும். அவருடைய பிள்ளைகளிடம் தங்கள் அப்பாவின் குரல் இல்லாமலிருக்கலாம். திருத்திய பிரதி ஒன்றைப் பென் டிரைவில் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.